மறுக்கிறார்

கிரிம்ஸ்பியில் நவம்பர் மாதம்
நாலு மணிக்கே விளக்குப் போட்டுவிடும்.
ஆறு அறைகள் கொண்ட இல்லம் இது.
ஓர் அறைக்கு இருபத்தைந்து நிமிடம்:
கழுவி, துடைத்து, உடுத்தி, ஊட்டி,
கட்டங்களில் டிக் போட்டு வெளியேற வேண்டும்.
ஹராரேயில் நான் கணக்கு டீச்சர்;
இங்கே நிமிடங்களைக் கழிக்கிறேன்.

மூன்றாம் அறை. ராட்னி. வயது ஐம்பத்து மூன்று.
கோப்பின் முதல் பக்கத்தில் இருந்தது:
'குளிக்க மறுக்கிறார். கை ஓங்குவார்.
இருவர் தேவை.'
இருவர் போனோம்.
ஒருத்தி தோளைப் பிடிக்க, ஒருத்தி ஷவரைத் திறக்க,
அவரிடமிருந்து எழுந்த சத்தத்தை
எழுத ஒரு கட்டமும் இல்லை.

வியாழன்தோறும் அக்கா வருவாள்.
ஹிலரி. மீன் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட்.
எவ்வளவு சோப்புப் போட்டாலும்
விரலிடுக்கில் ஹாடக் வாசம்.
மேசையில் கிடந்த கோப்பை
தலைகீழாகவே படித்துவிட்டாள்.
"யார் எழுதினது இதை?"
நான்தான்.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னாள்:
ஒன்பது வயதில் ஒரு பெரிய மருத்துவமனையில் விட்டார்களாம்,
அந்தக் காலத்தில் அப்படித்தான் விடுவார்களாம்.
காலையில் பையன்களை அம்மணமாகச்
சுவரோரம் வரிசையில் நிறுத்தி
ரப்பர் குழாயால் அடிப்பார்களாம்,
தண்ணீரால்.
"சுவரிலிருந்து வரும் தண்ணியை
அவன் இன்னும் நம்புறதில்லை."

எட்டு மாதமாக
நாங்களும் அவரைச் சுவரோரம்தான் நிறுத்தியிருந்தோம்.

அடுத்த வியாழன் பையிலிருந்து எடுத்தாள்
நீல எனாமல் ஜக் ஒன்று. விளிம்பு பெயர்ந்தது.
வாளி நிறைய வெந்நீர். ஜக்கை அவர் கையில் கொடுத்து
நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு ஊற்றல். சிறியது. முழங்காலுக்கு மட்டும்.
பிறகு இன்னொன்று.
அன்று நாற்பது நிமிடம் ஆனது.
மேலாளர் கேட்டார்.
அக்காவும் நானும் அவர் மேசை முன் நின்று
ஒரே பதிலை இரண்டு உச்சரிப்பில் சொன்னோம்.
கோப்பில் 'மறுக்கிறார்' என்பதை அடித்துவிட்டு
'தானே ஊற்றிக்கொள்வார்' என்று எழுதினேன்.
கட்டத்துக்குள் அடங்கவில்லை; ஓரத்தில் எழுதினேன்.

இதோடு முடித்திருந்தால் நல்ல கதை.
ஆனால் டிசம்பரில் ஒருநாள்
அவர் துண்டோடு கட்டிலில் இருக்க
ஹிலரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்,
பேச்சும் நடையும் ஒன்றாக.
கட்டைவிரலில் எச்சில் தொட்டு
அவர் தாடையில் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்து
"என் குட்டிப் பையா" என்றாள்.
அவர் முகம் மெல்லத் திரும்பி
வால்பேப்பர் பூவொன்றில் போய் நின்றது.
எனக்கு அந்தத் திரும்பல் தெரியும். ஷவர் நாட்களில் பார்த்தது.

மணிக்கூலிக்காரி நான். அவள் ரத்தம்.
தொண்டை வரை வந்ததை ஒருமுறை விழுங்கினேன்.
மறுமுறை முடியவில்லை.
"ஹிலரி, கதவைத் தட்டலாமே.
அவருக்கு ஐம்பத்து மூன்று."

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.
இரண்டு வியாழன்கள் வரவில்லை.
ராட்னி ஜன்னலையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தார். நியாயம்தான்.

மூன்றாவது வியாழன், மழையில் நனைந்த கோட்டு,
கையில் வினிகர் மணக்கும் சிப்ஸ் பொட்டலம்.
கதவின் முன் நின்றாள்.
நெற்றி வகிட்டை ஒதுக்கினாள், புதிதாக ஒருவரைப் பார்க்கப் போகிறவள்போல.
தட்டினாள்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.
சொல் அவருக்குத் தாமதமாகத்தான் வரும்.
வந்தது.
"வேண்டாம். இப்ப."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன்.
நடைக்கூடத் தரையிலேயே உட்கார்ந்தோம்.
பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள்.
"அவனுக்கு, இல்ல, அவருக்குக்
கொஞ்சம் வச்சுடு" என்று சிரித்தாள். மூக்கு சிவந்திருந்தது.

உள்ளே ஜக் வாளியில் இடித்தது.
மறுத்திருக்கிறார்.
நாங்கள் எங்கும் அதை எழுதவில்லை.