முந்தைய அளவு

குளவி கூடு கட்டியிருந்தது
இடது ஷூவுக்குள்.
எட்டு மாதம் வாசல் அலமாரியில் கிடந்ததில்
லேஸ் துளைவரை மண் பூசி
நான்கு அறை. நான்கிலும் ஓட்டை.
குடியிருந்தவை எப்போதோ பறந்துவிட்டன.
சாவியால் சுரண்டிக் கவிழ்த்தேன்.
உதிர்ந்த மண்ணைக் கூட்டும்போது
தோப்பூர் டாக்டர் எக்ஸ்ரேயை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
விரல் வைத்த இடம் ஞாபகம் வந்தது.
"இங்க ஒரு பொந்து. ஆறிடும். தழும்பு இருக்கும்."

பால் வாங்கப் போகிறேன் என்றுதான் கிளம்பினேன்.
பாண்டிமீனா அரைத்தூக்கத்தில்
"ம்" என்றாள்.

தெருவில் எல்லோருக்கும் அது டைபாய்டு.
அப்படித்தான் சொல்லிவைத்திருந்தோம்.
டைபாய்டுக்கு யாராவது
மாடி அறையில் தனித் தட்டோடு
மாதக்கணக்கில் இருப்பார்களா என்று
ஒருவரும் கேட்கவில்லை.
பணியாரம் கொடுத்தனுப்பிய கிண்ணத்தை மட்டும்
"அங்கேயே இருக்கட்டும்" என்றார்கள்.

நான் மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவன்.
நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து
கீழக்குயில்குடி தாமரைக் குளம்வரை
கிலோமீட்டர் தெரியாது, கம்பம் தெரியும்.
எங்கள் தெருமுனை இருபத்துமூன்று.
குளக்கரை தொண்ணூற்றொன்று.
முன்பெல்லாம் போய்த் தொட்டுத் திரும்பும்போது
சமணர் மலைப் பாறை
அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருக்கும்.

இன்று இருபத்துநான்குவரை நடந்தேன்.
அங்கிருந்து ஓட்டம்.
ஓட்டம் என்று நான்தான் சொல்கிறேன்.
டிவிஎஸ் ஃபிப்டியில் கேன் கட்டிப் போன
சேவுகப்பெருமாள் வேகத்தைக் குறைத்து
"என்ன சார், கால்ல முள்ளா?" என்றார்.

இருபத்தைந்தில் தொடை வலித்தது.
இருபத்தாறில் விலா.
நாற்பத்தேழு கிலோவில் எலும்பாய் நின்றவன்
ஐம்பத்தாறு ஆனபோது
ஏறியது முழுக்க வயிற்றில்.
அது எனக்கு முன்னால் ஓடியது.

இருபத்தேழுக்குப் போகும் வழியில் இருமல்.
ஒரே ஒரு இருமல்தான்.
கோலப்பொடிக் கிண்ணத்தோடு குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள்.
முழங்கை தானாக வாய்க்குப் போனது.
புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கி
காறித் துப்பி
செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.
வெள்ளை. நுரை. ஓர் எறும்பு
அதைச் சுற்றிக்கொண்டு போனது.
சொந்த எச்சிலை
இவ்வளவு சந்தோஷமாய் யார் பார்த்திருப்பார்கள்!

பிறகு மறுபடி ஓடினேன். எண்ணவில்லை.
மூச்சு பாதியில் முட்டி நின்றது.
கரண்ட் போன வீட்டில்
சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்க்கிற மாதிரி
இழுத்து இழுத்துப் பார்த்தேன்.
கொஞ்சம் வந்தது. அப்புறம்
தண்ணீர் லாரி சிந்திப்போன ஈரமண் வாசனையோடு
அடிவரை வந்தது.

நின்ற இடத்தில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்
(கம்பத்தைத் தொடாதீர்கள் என்று
வீடு வீடாகச் சொல்கிறவன்).
மேலே டிரான்ஸ்பார்மர் முனகியது.
கீழே நான்.
கறுப்புப் பெயிண்டில் இருபத்தொன்பது.

தற்போதைய அளவில்
முந்தைய அளவைக் கழித்தால் வருவதுதான் கணக்கு.
வீடு பூட்டியிருக்கிறது, வீடு பூட்டியிருக்கிறது என்று
எட்டு மாதம் எழுதிவந்த அட்டையில்
இன்று ஐந்து.

திரும்பி வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.
பால் எங்கே என்று வாயெடுத்தவள்
ஷூவைப் பார்த்தாள்.
முதுகோடு ஒட்டிய சட்டையைப் பார்த்தாள்.
பால் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுக்
கடுங்காப்பி வைத்தாள்.
நான் ஊதி ஊதிக் குடித்து முடிக்கும்வரை
ஒன்றும் பேசவில்லை.
டம்ளரை வாங்கும்போதுதான் சொன்னாள்:

"ஃபிரிட்ஜ் மேல வச்ச காசு அப்படியே இருக்கு.
நாளைக்கு
அதையாவது எடுத்துட்டுப் போங்க."