நான்காம் பிரிவு

ஐந்து ரோடு ரவுண்டானா பக்கத்து ஜெராக்ஸ் கடையில்
பக்கம் இரண்டு ரூபாய்.
படிவம் மூன்று பக்கம்.
ஆறு ரூபாய்க்கு ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு
ஜெகதேவி பேருந்தில் நின்றபடியே படித்தேன்.
நான்காம் பிரிவு வந்ததும்
உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

எங்கள் கட்டுரை:
கைவிட்ட கிரானைட் குழிகளில் தட்டான்கள்.
பதினொரு குழி. பதினாலு மாதம். இருபத்தாறு இனம்.
ஒன்றுக்குத் தமிழில் பெயர் கிடைக்கவில்லை.
பர்சானா கடன்காரன் என்று வைத்தாள்,
எத்தனை முறை துரத்தினாலும்
அதே குச்சியில் வந்து உட்கார்ந்துகொள்வதால்.

எண்ணியது அவள். படம் எடுத்தது நான்,
அவள் அண்ணன் கைபேசியில்.
அப்படியானால் படம் யாருடையது என்று
ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை.
அண்ணனுக்கு நன்றியில் ஒரு வரி,
கையோடு ஒரு பிளேட் பிரியாணி,
அதோடு தீர்ந்தது.

முதலில் அனுப்பிய இதழ்
இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டது.
மூவாயிரத்து ஐந்நூறு கட்டச் சொன்னது.
இன்று உள்ளதும் இனிக் கண்டுபிடிக்கப் போவதுமான
எல்லா வடிவங்களிலும்
உலகம் முழுவதிலும்
நிரந்தரமாக
எழுதித் தரச் சொன்னது.
பர்சானா தொகையைப் பார்த்தாள்.
நான் நிரந்தரமாக என்ற சொல்லைப் பார்த்தேன்.

ஏழாவது குழி எங்களுடையது.
அதாவது, நிலம் எங்களுடையது.
அப்பா கையெழுத்துப் போட்டபோது எனக்கு மூன்று வயது.
பத்து வருடக் குத்தகை, ஆங்கிலத்தில் ஒன்பது பக்கம்.
அவர் படித்தது தொகையை மட்டும்,
அதுவும் எண்ணில்.
கல் போயிற்று,
எந்தத் துறைமுகம் வழியாக, எந்த ஊர்ச் சமையல் மேடைக்கு, தெரியாது.
குழியை மூட வேண்டும் என்று
ஒன்பது பக்கத்தில் எங்கும் இல்லை.
அப்பா அதைப் பேசுவதில்லை. நானும் கேட்டதில்லை.

குழி எண் ஏழு.
நீளம் நூற்றுப்பத்து மீட்டர்.
ஆழம்: எங்கள் கயிறு எட்டவில்லை.
இனங்கள் பத்தொன்பது, எல்லாக் குழிகளிலும் இதுதான் அதிகம்.
இதை எந்த முகத்தோடு வீட்டில் சொல்வது?
அட்டவணையில் மட்டும் போட்டேன்.

இப்போது கையில் இருப்பது மாணவர் இதழின் படிவம்.
பதிப்புரிமை எழுதியவர்களிடமே இருக்கும்;
முதலில் வெளியிடும் உரிமை மட்டும் இதழுக்கு.
அவ்வளவுதான் நான்காம் பிரிவு.
நம்பாமல் ஐந்தைப் படித்தேன். ஆறைப் படித்தேன்.
எங்காவது ஒளிந்திருக்கும் என்று
அடிக்குறிப்பையும் விடவில்லை.
மின்னஞ்சலில் கேட்டேன்:
பின்னால் இதையே தமிழில் எழுதி
எங்கள் ஊர் நூலகச் சுவரில் ஒட்டலாமா?
இரவு பதினொன்றரைக்குப் பதில்,
ஆசிரியர் குழுவில் இருக்கும் இரண்டாமாண்டுப் பெண்ணிடமிருந்து:
உங்களோடதுதானே, ஒட்டுங்க.
முதல்ல எங்க இதழ்ல வந்ததுன்னு ஒரு வரி போட்டா போதும்.
நாளைக்கு எனக்கு அல்ஜீப்ரா.

குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால்
திரை சிவந்து நின்றுவிடுகிறது.
முனிரத்தினம் என்று அப்பாவை அடித்தேன்.
யோகேஸ்வரி ஒற்றை எழுத்தாகி ஓரத்தில் ஒதுங்கினாள்.
இனி யார் மேற்கோள் காட்டினாலும்
முனிரத்தினமும் பாஷாவும்தான்.
பர்சானாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை:
வலையோடு குழியில் இறங்கினது
நம்ம அப்பாங்கதான் போல.

கையெழுத்துப் போடப் பேனா தேடும்போது
அப்பா வந்து நின்றார்.
எவ்ளோ தர்றாங்க?
ஒண்ணுமில்லப்பா.
எதை எடுத்துக்குவாங்க?
ஒண்ணுமில்ல.
மூன்று தாளையும் வாங்கி
ஒவ்வொன்றாகத் திருப்பி
பின்பக்கத்தைப் பார்த்தார்.