கோரை

சனிக்கிழமை ஐந்து மணிக்கு
காலாப்பட்டு வாடகை மாடியில்
இருபது பிளாஸ்டிக் நாற்காலி போடுவேன்.
ஒன்பதோ பத்தோ நிரம்பும்.
ருவாண்டாக்காரர் இருவர் சத்தமாக ஜெபிப்பார்கள்.
நேபாளத்துப் பையன் கிடார் கொண்டுவருவான், வாசிக்கமாட்டான்.
சூ யாலின்
வாசலில் எல்லார் செருப்பையும் நேராக்கிவிட்டு
கடைசி நாற்காலியில் உட்காருவாள்.
சூழலியல் ஆராய்ச்சி,
உப்பங்கழியில் சேறு அள்ளுகிற வேலை.
நகக்கண்ணில் எப்போதும் அந்தச் சேறு கொஞ்சம்.

அவளுக்கென்றே சென்னையிலிருந்து வரவழைத்தேன்
சீன எழுத்தில் அச்சிட்ட துண்டுப்பிரசுரம்.
படித்தாள். பேனா கேட்டாள்.
ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி என்னிடம் நீட்டினாள்.
பிறகு அதையே திரும்ப வாங்கிப்
பையில் வைத்துக்கொண்டாள்,
மரியாதையாக, இரண்டு கையாலும்.

மாதக் கடைசியில் தலைமை ஊழியருக்கு அறிக்கை:
சந்தித்தோர், தொடர்ந்து வருவோர், ஏற்றுக்கொண்டோர்.
மூன்றாவது கட்டத்தில் யாலினுக்கு நேராக
ஏழு மாதமாக ஒரு கோடு.
அந்தக் கோட்டைப் பார்த்து அழுதிருக்கிறேன்.
அவளுக்காகவா எனக்காகவா, தெரியவில்லை.

கல்லறைத் திருநாளன்று
விடுதித் தோழியோடு உப்பளம் போய்வந்தவள்
போனில் படம் காட்டினாள்:
சாமந்தி, மெழுகுவர்த்தி,
சுண்ணாம்பு காயாத சிலுவைகள்.
"எங்கள் ஊரில் ஏப்ரலில். துடைப்பம் எடுத்துப் போவோம்."
எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை என்றேன்.
செத்தவர் அங்கே இல்லை என்று
ஆங்கிலத்தில், வசன எண்ணோடு,
எப்போதும் தயாராக இருக்கும் பதில்.
தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.
"அக்கா, உங்கள் அப்பா எங்கே?"
"அங்கேதான்."
வாய் முந்திக்கொண்டது.
"அப்படியானால் புல்லை யார் பிடுங்குகிறார்கள்?"

நான் முழுக்கு எடுத்த வருஷம்
அப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார்.
"ஒருவாட்டி தண்ணி ஊத்தியாச்சே, மறுபடி எதுக்குடி?"
அதுதான் கடைசியாகக் கேட்டது.
ரோடியர் மில்லில் முப்பது வருஷம்
பஞ்சைச் சுவாசித்த குரல்.
அடக்கத்தன்று நான் வாசலோடு நின்றுவிட்டேன்.
உள்ளே மணி அடித்தது.
ஒன்பது வருஷம்.

திங்கட்கிழமை பேருந்தில் போனோம்.
தேடிக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று,
மகள் நான்.
'அ' உதிர்ந்து 'ருளப்பன்' என்றிருந்தது கல்லில்.
சுற்றிலும் பூ, அவர்மேல் மட்டும்
முழங்கால் உயரம் கோரை.
கொத்தாகப் பிடித்து இழுத்தேன், கையோடு அறுந்து வந்தது.
"இது இப்படிப் போகாது. கீழே கிழங்கு இருக்கும்."
சேறு அள்ளும் கரண்டியை எடுத்து
குத்தவைத்துத் தோண்டினாள்,
அப்பாவின் கால்மாட்டில் தொடங்கி.
தலைமாட்டுக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது.
நான் ஜெபிக்கவில்லை.
வேரில் ஒட்டிய மண்ணை
உதறி உதறி அவர்மேலேயே போட்டேன்.

எங்கள் ஊரில் இது மருந்து என்றாள்.
பேர் சொன்னாள், என் நாக்கில் நிற்கவில்லை.
எதற்கு மருந்து என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.
இரண்டு கிழங்கைச் சட்டையில் துடைத்துப்
பையில் போட்டுக்கொண்டாள்,
பிரசுரம் இருந்த அதே பையில்.

வாசலில் ஒரு அம்மாள்
திருநாளுக்கு விற்றதுபோக மிஞ்சிய மெழுகுவர்த்தியைப்
பாதி விலைக்கு வைத்திருந்தாள்.
வாங்கவில்லை.
விலை மட்டும் கேட்டேன்.