பட்டியலில் இல்லாத நட்டு

ஆணி நான்கு, கம்பி இரண்டு, கவ்வி எட்டு.
எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குபவன் நான்.
முஸுஸு ஆஸ்பத்திரியில்
முறிந்த காலை வெளியிலிருந்து பிடித்து நிறுத்த
ஒரே ஒரு பெட்டி.
இன்னொன்றும் உண்டு, கவ்வி போதாது.
அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

யாராவது ஒருவர் காலிலிருந்து கழன்று வரும்.
மரைக்குள் உறைந்த ரத்தத்தைப்
பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுப்பேன்.
நீராவிப் பானையில் வேகவைப்பேன்,
வள்ளிக்கிழங்கைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.
மறுநாள் வேறொரு கால்.

மழைக்கு முந்திய மாதம் மவூட்டோ வந்தான்.
எங்கள் பேச்சில் ‘தொல்லைகள்’ என்று அர்த்தம்.
அம்மா வைத்த பெயர்தான்.
சைக்கிளில் ஆளேற்றிப் பிழைப்பவன்.
சிக்கங்காவா காட்டு மரலாரி
சக்கரத்தை எட்டாக மடித்துவிட்டுப் போயிருந்தது.
முழங்காலுக்குக் கீழே
எலும்பு தோலைத் திறந்து வெளியே பார்த்தது.

மின்சாரம் இல்லை.
தேம்வா எம்சிஸ்கா கையால்தான் துளையிட்டார்.
அவர் டாக்டர் இல்லை, டாக்டர் லிலோங்வேயில்.
ஆனாலும் அந்தக் கைக்குக் காது உண்டு:
முதல் சுவரில் ஆணி முனகும்,
நடுவில் ஒன்றுமில்லாததுபோல் வழுக்கும்,
இரண்டாம் சுவரில் மறுபடி முனகும்.
அங்கே நிறுத்த வேண்டும்.
ஒரு அரைச்சுற்று கூடினால் ரத்தக்குழாய்.
முறிவுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு.
கவ்வி மாட்டி, கம்பி கோத்து,
கால்விரல்கள் கூரையைப் பார்க்கும்வரை நேராக்கி
இறுக்கினார்.

ஒன்பதாம் நாள் மழை பிடித்தது.
பத்தாம் நாள் கட்டில் காலி.
வேலியோரச் சேற்றில் ஊன்றுகோல் குழிகள்.
மக்காச்சோளம் விதைக்கப் போய்விட்டான்,
என் பெட்டியைக் காலில் போட்டுக்கொண்டு.

அதே வாரம் ரப்பர் தோட்டத்திலிருந்து திவோங்கே.
அதே இடத்தில் அதே மாதிரி முறிவு.
கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.
குதிகாலில் ஒற்றை ஊசி, கயிறு, கப்பி,
கட்டிலின் காலடியில் தொங்கும் ஐந்து கிலோ மணல்.
‘பெட்டி எப்போது வரும்?’
கட்டுத்துணி மாற்றும்போதெல்லாம் கேட்டாள்.
வெளியே இருக்கிறது என்பேன்,
ஏதோ கடைக்குப் போயிருப்பதுபோல்.
பிறகு மாவுக்கட்டு. பிறகு கேட்பதை நிறுத்தினாள்.
எலும்பு கூடிற்று,
இரண்டு சென்டிமீட்டர் குள்ளமாக.

அறுவடை முடிந்து மவூட்டோ வந்தான்.
சைக்கிளில் வந்தான்!
கால்சட்டையை ஒரு பக்கம் கிழித்துப் பொத்தான் வைத்திருந்தான்.
கவ்வி ஒன்றில் நட்டு உதிர்ந்திருந்தது,
அதன் இடத்தில் சைக்கிள் அச்சின் நட்டு,
துருவும் கிரீஸுமாக.
தேம்வா திட்டத் தொடங்கினார்.
படத்தை வெளிச்சத்தில் பிடித்ததும் பேச்சு நின்றது.
முறிவின் மேல் வெள்ளையாய்ப் புடைத்து
எலும்பு தன்னைத் தானே பற்ற வைத்திருந்தது.

கழற்றிய துளைகளில் பஞ்சு வைத்து
வராந்தா பெஞ்சில் உட்கார்த்தினோம்.
அன்று திவோங்கேயும் வந்திருந்தாள்.
டயர் செருப்பு, ஒரு காலுக்கு இரண்டு அடுக்கு.
மடியில் அவித்த நிலக்கடலை.
‘எத்தனை மாதம் போட்டிருந்தாய்?’
‘ஆறு.’
‘எப்போது போட்டார்கள்?’
மழைக்கு முன்னால் என்றான்.

ஒரு கடலையை உடைத்தாள். இன்னொன்றை.
நான் கழுவும் தொட்டியில் குனிந்துகொண்டேன்.
நிமிர்ந்தபோது
அவன் உள்ளங்கையில் ஒரு பிடி கடலை இருந்தது.
அவள் எழுந்து கதவைப் பார்க்க நடந்துகொண்டிருந்தாள்,
அடுக்குச் செருப்பு தரையில்
ஒன்றுவிட்டு ஒன்று கனமாய் விழ.

‘என் நட்டு?’ என்றான் மவூட்டோ, புறப்படும்போது.
தரவில்லை.
அது இல்லாமல் கவ்வி ஏழுதான்.
கிரீஸ் போகத் தேய்த்தேன், துருப் போகவில்லை.
பதிவேட்டில் எட்டு என்றே எழுதி
மூடியைச் சாத்தினேன்.
வாசலில் யாரையோ தள்ளுவண்டியில் இறக்குகிறார்கள்.