சொல்லாத சொல்

மாதக் கடைசி வெள்ளி.
புர்காஸ் துறைமுகத்தில் மூடுபனி.
கடல்காகங்கள் எங்கள் மீன்கிடங்கின் கூரையில்
கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்திருந்தன.
சம்பளக் கணக்கு திறக்கவில்லை.

தவறான கடவுச்சொல்.
இன்னும் இரண்டு முயற்சிகள்.

அறுபத்துமூன்று பேர் நாங்கள்:
மீன் வெட்டுகிறவர்கள், உப்பு தூவுகிறவர்கள்,
டப்பாவுக்கு மூடி அழுத்துகிறவர்கள்,
ஓட்டுநர்கள் இருவர்,
கணினி பார்க்கிற நான்.
மென்பொருளை விற்ற சோபியா நிறுவனம்
போன வசந்தத்திலேயே மூடிவிட்டது.
அந்த எண்ணில் இப்போது ஒரு பல் மருத்துவர் எடுக்கிறார்.
பொறுமைசாலி.
மூன்றாம் முறை அழைத்தபோதும் வணக்கம் சொன்னார்.

முதலாளி கோலேவ் மேசையைத் தட்டினார்.
"அந்தப் பென்காவைக் கூப்பிடு."
பத்தொன்பது வருடம் கணக்கெழுதியவர்.
செப்டம்பரில் வேலையைவிட்டு அனுப்பியது முதலாளி.
கூப்பிட வேண்டியது நான்.

"தெரியாது" என்றார் பென்கா.
பின்னால் மிளகாய் வதங்கும் சத்தம்.
"சத்தியமாகத் தெரியாது, ஒக்னியான்.
மனசில் அது இருந்ததே இல்லை.
கையில்தான் இருந்தது."

கடவுச்சொல் என்கிறோம்.
அவர் அதை ஒருநாளும் சொன்னதில்லை.
எழுதி வைத்ததில்லை.
காலை எட்டரைக்கு, உள்ளே நுழைந்த வேகத்தில்,
பத்தொன்பது வருடம்
விரல்கள் போய்வந்த ஒற்றையடிப் பாதை.
ஊர்ப்பெயர் கேட்டால்
பாதைக்கு என்ன தெரியும்?

வந்தார். இரண்டு பேருந்து மாறி, ஈரக் காலணியுடன்.
வாசல் காவலாளி அடையாள அட்டை கேட்டான்.
அதற்கும் கோபிக்கவில்லை.
விருந்தாளியைப் போலக் கோட்டைக் கழற்றி மாட்டினார்,
உட்கார்ந்தார், விரல்களை வைத்தார், எடுத்தார்.
"இது என் விசைப்பலகை இல்லை."

நிலவறைக்குப் போனேன்.
செத்த அச்சுப்பொறிகள் மூன்றுக்கு அடியிலிருந்து
இழுத்து வந்தேன் பழையதை.
மஞ்சளித்துப்போயிருந்தது.
கவிழ்த்தால் சூரியகாந்தி விதைத்தோல் கொட்டியது.
எழுத்து வரிசையையும் மாற்றினேன்.
என் வயதுக்காரர்கள் அடிப்பது ஒரு வரிசை,
அவர் படித்தது தட்டச்சுக் காலத்து வரிசை.

"நீ திரும்பி நில்" என்றார்.
திரும்பினேன். சுவரில் விதிமுறைகள்:
தரை வழுக்கும். தலைமுடியை மூடுக.
முதுகுக்குப் பின்னால்
டடக், டக், டட்டக்.
நின்றது.
தவறு.
இன்னும் ஒரு முயற்சி.

வெகுநேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் நாற்காலி பின்னே நகரும் சத்தம்.
கோட்டை மறுபடி போட்டுக்கொண்டார்,
பொத்தான்களைக் கழுத்துவரை.
கைப்பையைத் தோளில் மாட்டினார்.
கதவுவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார்,
தாமதமாகிவிட்டவரைப் போல.
நின்றபடியே குனிந்து,
இம்முறை ஓட்டின்மேல் ஆலங்கட்டி விழுந்ததுபோல்
ஒரே மூச்சில்.

திறந்தது.

திரும்பப் போனேன். "இரு" என்றார்.
இருந்தேன்.
விசைகள் இன்னும் ஓடின.
எண்கள் அடிபடும் சத்தம் வேறு,
வலக்கை மட்டும் பேசுவது,
எனக்குத் தெரியும்.
பதினோரு நாள் விடுப்புச் சம்பளத்தை
அவருக்குக் கொடுக்காமல் அனுப்பியதும் தெரியும்.
கிடங்கில் யாருக்குத்தான் தெரியாது.
தலைமுடியை மூடுக என்பதை
நான்காம் முறை படித்தேன்.

அச்சுப்பொறி பட்டியலைத் துப்பியது.
"கோலேவிடம் கையெழுத்து வாங்கு" என்றார்.
"அறுபத்துநான்கு பேர்."
நான் திருத்தவில்லை.
கோலேவ் எந்தக் காலத்தில் எண்ணிப் பார்த்திருக்கிறார்,
ஆட்களை.

அவர் போனபின்
கடவுச்சொல்லை மாற்ற உட்கார்ந்தேன்.
இயந்திரம் பணிவாகக் கேட்டது:
முதலில் பழையதைத் தருக.

சன்னலுக்கு ஓடினேன்.
உப்பளச் சாலையில் பேருந்தின் பின்விளக்கு
பனிக்குள் கரைந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து அந்தக் கணினி அணைவதில்லை.
திரையின் நெற்றியில் ஒரு தாள்: தொடாதே.
துடைக்க வருகிற ருமியானா அதைச் சுற்றியே துடைக்கிறாள்.
மின்சாரம் என்றாவது போகும்.
பென்காவின் எண் எனக்கு மனப்பாடம்.