ரோச் சொன்ன பதினான்கு

வெல்டிங் பொறி விழும் இடத்தில்
பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து
தீப்பிடிக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.
பிடிக்காத வரை சம்பளம்.
பார்ப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று
அறையில் ஒரு பேச்சு உண்டு.
பட்டியலை என்னை எழுதச் சொன்னது அதனால்தான்.

ஜுபைல். கேம்ப் எண் நாலு. வெள்ளிக்கிழமை.
வெளியே ஷமால் காற்று.
கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தும்
குபூஸில் மணல் கடிபடுகிறது.
காலாவதியான பெர்மிட் தாளின் பின்பக்கத்தில்
ஒன்று முதல் பத்து வரை எண் போட்டேன்.

மொத்தம் நாற்பத்தோரு பாகம்.
கடிகாரக் கடைக்காரரைக் கொன்றது யார்,
அவ்வளவுதான் கதை.
அதற்கு இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டார்கள்.
நாங்களும்.

நைனா முகம்மதுக்கு ஆறாம் பாகம்.
"கிணத்துக்குள்ளேருந்து செல்போன் அடிக்குமே,
அன்னிக்குத்தான் டீயை மேலே ஊத்திக்கிட்டேன்."
சாட்சிக்குத் தொடைத் தழும்பைக் காட்ட
லுங்கியைத் தூக்கப் போனான்.
பார்க்காமலே ஒப்புக்கொண்டோம்.

குலசேகரன் டைம்கீப்பர்.
சஸ்பென்ஸுக்கு ஐந்து, லாஜிக்குக்கு மூன்று,
இன்ஸ்பெக்டர் அழகேஸ்வரி சிரித்தால் இரண்டு.
அவள் சிரித்தது ஒரே ஒருமுறை,
இருபத்தேழில், பிணவறை வாசலில்,
யாரோ அவள் செருப்பை மாற்றிப் போட்டுப் போனதற்கு.
ஆகவே இருபத்தேழு.
"கணக்குன்னா கணக்கு" என்றான்.

மூலைக் கட்டிலில் மன்னார்க்காரர் யோகராசா
கால் நகம் வெட்டிக்கொண்டே சொன்னார்:
"பதினாலு. மற்றதெல்லாம் பிறகு."

பதினான்கா?
விசாரணை, காபி, விசாரணை, விளம்பரம்.
அதில் ஒன்றுமே நடக்காதே.

"என்ன நடக்காது?
மணிக்கூட்டுக்காரன்ர மனுசி
மழைக்குள்ள நிண்டு
ஒவ்வொண்டா சாவி குடுப்பா.
எல்லாம் ஓடத் தொடங்கும்.
ஒண்டு மட்டும் ஓடாது."

ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
எங்களில் எவரும் அந்த மழையைப் பார்த்ததில்லை.

செல்போனில் ஓட்டிப் பார்த்தோம்.
நாற்பத்திரண்டு நிமிடம். ஒரு சொட்டு இல்லை.
யோகராசா இரண்டாம் முறை கண்ணாடியைத் துடைத்தார்.
பிறகு எல்லோரும், எப்படியென்று தெரியாமல்,
ரோச்சைப் பார்த்தோம்.

போன மார்ச் ஷட்டவுனில்
இருவருக்கும் நைட், ஒரே டேங்க்.
யோகராசா உள்ளே துரு சுரண்ட,
மான்ஹோல் வாயில் காவலுக்கு ரோச்.
உள்ளே இருப்பவனோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும்,
அது விதி.
பதில் வந்தால் ஆள் இருக்கிறான்.
ரோச் பகல் தூக்கத்தைக் கெடுத்து
அன்றைய பாகத்தைப் பார்த்துவிட்டு வருவான்.
இரவு முழுக்க அந்த வட்ட இருட்டுக்குள்
கதையை இறக்குவான், கயிறு இறக்குவதுபோல.

ரோச் தட்டில் ஒட்டிய சோற்றை
ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான்.

"கதை சீக்கிரம் முடிஞ்சு போச்சு.
மணி மூணரை.
உள்ளேருந்து நீங்க 'ம்' போடுறது
வரவர மெதுவாயிட்டே போச்சு.
நான் நிறுத்த முடியுமா?"

"அப்ப, மழை?"
"அது நான்தான்."
"மணிக்கூடு?"
"அதுவும்."
"ஓடாத அந்த ஒண்டு?"
"அது எனக்கே தெரியாது அண்ணே. வாயில வந்துச்சு."

ஒளிபரப்பாகாததற்கு மதிப்பெண் கிடையாது
என்று தொடங்கிய குலசேகரனிடம்
நைனா கேட்டான்:
"நீ மழைக்கு எவ்வளவு போடுவே?"
அவன் விரல்களைப் பார்த்தான்.
கணக்குத் தீர்ந்திருந்தது.

எழுதினேன்.
ஒன்று: பதினான்கு, ரோச் சொன்னபடி.
இரண்டு: இருபத்தேழு. மூன்று: ஆறு.
மீதியில் சண்டை வந்து
ஏழாவது இடத்தை இருமுறை அடித்துத் திருத்தினேன்.
கொலைகாரன் யாரென்று சொல்லும் நாற்பத்தொன்று
பத்துக்குள் வரவில்லை.
அதை யாரும் கேட்கவும் இல்லை.

விளக்கணைத்த பிறகு
தூரத்து ஃப்ளேரின் மஞ்சள்
ஜன்னல் அட்டையின் ஓட்டை வழியே
சுவரில் ஒரு நாணயம்போல் விழுந்து கிடந்தது.
பழக்கம், நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூலைக் கட்டிலிலிருந்து:
"ரோச், அந்த மணிக்கூடு பிறகு ஓடினதோ?"

மேல் கட்டில் பலகை கிரீச்சிட்டது.

"நாளைக்கு டேங்க் இருக்குல்ல அண்ணே.
அப்போ சொல்றேன்."