கடல் துத்தி

முதலில் ரோஜா வைத்தேன்.
ஒரே ஜனவரி, உப்புக்காற்று தீய்த்துவிட்டது.
பிறகு லாவெண்டர். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.
மூன்றாம் வருஷம்
நண்டுப் பெட்டி கழுவுகிற எல்ஸ்பெத்
பழைய மின்கட்டண உறையில்
கொஞ்சம் விதை போட்டுத் தந்தாள்.
பொம்மை வீட்டுச் சமையலறைக்குச் செய்த
சீஸ் வட்டங்கள் மாதிரி இருந்தன.
"கடல் துத்தி" என்றாள். "செத்தாலும் சாகாது."

இரண்டாம் கோடையில் என் தலைக்கு மேல் போயிற்று.
ஊதாவும் இல்லை, இளஞ்சிவப்பும் இல்லை,
நடுவில் மட்டும்
யாரோ பேனாவை உதறிய கருநரம்பு.
இலை வெல்வெட்டு.
நாக்கை வைத்துப் பாருங்கள், கரிக்கும்.
கடல் எறிந்த உப்பை
வேர்வை போல வெளியே தள்ளிவிட்டு
சும்மா நிற்கும்.
இந்த ஸ்காட்லாந்துக் கரையோரச் சாலையில்
இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவள் நான்,
அந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் தொடக்கத்தில்
படகுக்கார இன்னெஸ் வேலியில் சாய்ந்து நின்றான்.
ஆள் குறைகிறது, சனிக்கிழமை வருகிறாயா?
எதற்கு?
எதிர்த் தீவில் களை வெட்ட.
என்ன களை?
அவன் பதில் சொல்லவில்லை.
என் செடியைப் பார்த்தான்.

எப்போதோ ஒரு கலங்கரை விளக்குக் காவலர்
கொண்டுபோய் நட்டதாம்,
தீக்காயத்துக்கு வைத்துக் கட்ட,
காகிதம் தீர்ந்த நாளில் இன்னொன்றுக்கும்.
அவர் போய்விட்டார்.
விளக்கு தானே எரியப் பழகிவிட்டது.
செடி தீவை எடுத்துக்கொண்டது.
மண்ணில் வளை தோண்டி முட்டையிடும் பஃபின்கள்
ஏப்ரலில் கடலிலிருந்து திரும்பி
வாசல் தேடின.
வாசலில் காடு நின்றது.

போனேன்.
மழைச்சட்டை, பெரிய கத்தரி,
முழங்காலுக்கு அடியில் வைக்க
பஸ் இருக்கையின் பழைய மெத்தைத் துண்டு.
பதினொரு பேர்.
முதல் தண்டு என் மணிக்கட்டுப் பருமன்.
கத்தரியில் பசை ஒட்டியது.
நான் வளர்ப்பதைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன்;
அதற்குப் பெயர் வைக்காதது நல்லதாயிற்று.
ஒரு வளைக்குள் முழங்கை வரை கைவிட்டு
வேரை இழுத்தேன்.
உள்ளே குளிர், ஒரு மீன்முள், ஒரு சிறகுத் தூவி.
குடியிருப்பவர்கள் இல்லை.
நாங்கள் போகும் மாதங்களில்
அவர்கள் நடுக்கடலில் இருப்பார்கள்.
அவர்கள் வரும் மாதங்களில்
எங்களுக்குத் தீவில் கால் வைக்க அனுமதி இல்லை.

திரும்பும் படகில் யாரும் அதிகம் பேசவில்லை.
வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றினேன்.
காற்சட்டை மடிப்பில்
ஏழு சீஸ் வட்டங்கள்.

அன்றிரவே கத்தரியோடு தோட்டத்துக்குப் போனேன்.
டார்ச் வெளிச்சத்தில்
அது இன்னும் பூத்துக்கொண்டிருந்தது,
அந்தக் குளிரில், வெட்கமில்லாமல்.
கொழுத்த தேனீ ஒன்று
பூவுக்குள்ளேயே தூங்கிப்போயிருந்தது.
நாளைக்கு என்றேன்.

அந்த நாளைக்கு மூன்று வயதாகிறது.
இப்போது ஜூலை தொட்டு ஒவ்வொரு மாலையும்
காய் பழுக்குமுன் கிள்ளி
பிஸ்கட் டின்னில் போட்டு
அடுப்பில் கொட்டுகிறேன்.
பச்சையாக வெடிக்கும்.
எல்ஸ்பெத் சிரிக்கிறாள்,
ஒன்று வெட்டு, இல்லை விடு என்கிறாள்.
போன வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம் கிள்ளினேன்.
தப்பியதை எண்ண வழியில்லை.
கடலில் மிதந்து போனாலும்
வருஷக்கணக்கில் முளைக்குமாம் அது.
இன்னெஸ் தகவலுக்காகச் சொன்னான்.

இந்த ஏப்ரலில் பைனாகுலரில் பார்த்தேன்.
தீவின் சரிவில் கறுப்புப் புள்ளிகள்,
எங்கள் பதினொரு பேர் மண்டியிட்ட இடம்.
பஃபினாக இருக்கலாம்.
இருநூறு கல்லாகவும் இருக்கலாம்.
ஒன்று நகர்ந்தது.

கண்ணைத் தாழ்த்தியபோது
மழைநீர்க் குழாயடியில், சிமெண்ட் விரிசலில்
இதய வடிவில் இரண்டு இலை.
குனிந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.
பிடுங்கினேன்.
எறியுமுன் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
இன்னும் உப்பு ஏறவில்லை.